இளநரைக்கு எண்ணெய் வாங்க முன்: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு முதல் நரையைக் கண்டுபிடித்தது பெரியம்மா. வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீடு, எனக்கு 22 வயது, பந்தியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பிள்ளைக்கு இப்பவே நரைச்சிட்டுதோ?" என்று அவர் கேட்டது பக்கத்து வரிசைக்கும் கேட்டது. அடுத்த கிழமைக்குள் எங்கள் வீட்டு அலுமாரியில் நான்கு வகை எண்ணெய்ப் போத்தல்கள் சேர்ந்துவிட்டன. இரண்டு வருடம் விடாமல் தேய்த்தேன். முடி மினுங்கியது, நரையும் சேர்ந்து மினுங்கியது.

அப்புறம்தான் வேறு ஒரு காரணத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் விற்றமின் பி12 மிகக் குறைவு என்று வந்தது. எண்ணெய்க்குச் செலவழித்த காசில் பாதிகூட அந்தப் பரிசோதனைக்கு ஆகவில்லை. இந்த வழிகாட்டியை நான் அடுக்கியிருக்கும் வரிசைக்குக் காரணம் அதுதான்: முதலில் காரணம், பிறகு சாப்பாடு, அதற்குப் பிறகு எண்ணெய், கடைசியில் சாயம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில் ஒரு எல்லைக்கோடு. ஆசியர்களில் 25 வயதுக்கு முன் வரும் நரையைத்தான் தோல் வைத்தியர்கள் இளநரை என்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு அந்த எல்லை 20, ஆபிரிக்கர்களுக்கு 30. முப்பத்தாறு வயதில் காதோரம் வெளுத்துவிட்டது என்று புலம்பும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், அது இளநரை இல்லை, சாதாரண நரை. ஆனாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

எண்ணெய் ஏன் நரையைக் கறுப்பாக்காது

முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைச் செய்யும் உயிரணுக்கள் தோலுக்கு உள்ளே, முடியின் வேர்ப்பையில் இருக்கின்றன. முடி வளரும்போதே நிறம் உள்ளே ஊட்டப்பட்டுவிடும். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, நகத்தைப் போல. ஏற்கெனவே வெள்ளையாக வெளியே வந்த முடிக்குள் எந்த எண்ணெயும் மெலனினை ஏற்ற முடியாது. சாயம் பூசினால் மட்டுமே அதன் நிறம் மாறும். நாங்கள் எதிர்பார்க்கக்கூடியது இனி முளைக்கும் பகுதியைப் பற்றித்தான். அது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். "ஏழே நாளில் கருங்கூந்தல்" என்று எழுதியிருக்கும் போத்தலை வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த உயிரணுக்கள் ஏன் களைக்கின்றன? பெரிய பங்கு பரம்பரைக்கு. 2016இல் ஐஆர்எஃப்4 என்ற மரபணுவுக்கும் நரைக்கும் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதைவிட எளிய பரிசோதனை வீட்டு அல்பத்தில் இருக்கிறது: அம்மா, அப்பா, மாமா, சித்தி ஆகியோரின் இருபதுகளில் எடுத்த படங்களைப் பாருங்கள். அதிலேயே நரை தெரிந்தால் உங்களுடையதும் பெரும்பாலும் அந்த வழி வந்ததுதான்.

மிச்சப் பங்கில் பி12, இரும்பு, செம்பு போன்றவற்றின் குறைபாடு, தைரொய்ட் கோளாறு, புகைத்தல், மன அழுத்தம் எல்லாம் வருகின்றன. ஆயுர்வேதம் நரையைப் 'பலிதம்' என்கிறது. கோபம், துக்கம், அளவுக்கு மீறிய உழைப்பு ஆகியவற்றால் எழும் சூடு பித்தத்தோடு தலைக்கு ஏறி முடியைப் பழுக்க வைக்கிறது என்பது அதன் விளக்கம். 2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியதும் இதற்கு அவ்வளவு தூரமில்லை. கடும் அழுத்தத்தில் நரம்புகள் வெளிவிடும் நோரட்ரினலின் என்ற இரசாயனம், நிறம் தரும் மூல உயிரணுக்களைத் தீர்த்துவிடுகிறது. மனிதர்களில் 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேரின் முடியை நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஒருவர் விடுமுறையில் போய் வந்த காலத்தில் அவருடைய ஐந்து நரைமுடிகள் வேர்ப்பக்கம் மறுபடி கறுத்திருந்தன. ஐந்தே ஐந்து முடி. நம்பிக்கைக்கு அது போதும், விளம்பரத்துக்குப் போதாது.

முதல் படி: கண்ணாடிக்கு முன் பத்து நிமிடம்

பகல் வெளிச்சத்தில் வகிடு, இரண்டு காதோரம், பிடரி என்று நான்கு படம் எடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே யன்னல், அதே நேரம். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மனம் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டி வரும்.

முடி மட்டும் இல்லாமல் அதன் அடித்தோலும் பால் போல வெளுத்திருக்கிறதா, புருவத்திலோ இமையிலோ வெள்ளை இருக்கிறதா, ஓர் இடத்தில் மட்டும் கொத்தாக வெளுத்திருக்கிறதா, வட்டமாக முடி கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் வைத்தியரிடம் போவதுதான் சரி, நாட்டு மருந்துக் கடைக்குப் பிறகு போகலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நரை கூடிக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

பிடுங்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கினால் ஏழு முளைக்கும் என்பது பொய், ஆனால் அதே குழியில் மறுபடி வெள்ளைதான் வரும். தொடர்ந்து பிடுங்கினால் அந்தக் குழி ஒருநாள் எதையுமே தராது.

இரண்டாம் படி: ரத்தப் பரிசோதனை

குடும்ப டொக்டரிடம் கேட்டு எஃப்பிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), விற்றமின் பி12, டிஎஸ்எச் (தைரொய்ட்) இந்த நான்கையும் எடுங்கள். அலுவலக அறைக்குள்ளேயே பகல் முழுக்க இருப்பவர்கள் விற்றமின் டியையும் சேர்க்கலாம். பி12 பொதுவாக மில்லிலீற்றருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு, 200க்கும் 300க்கும் இடையில் இருந்தால் சந்தேகம். அளவுகோல் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், ஆகவே இலக்கத்தை மட்டும் பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம், பலருக்கும் தெரியாதது. "முடி விற்றமின்" என்று பார்மசியில் விற்கும் குளிசைகளில் பயோட்டின் அதிகம். அது தைரொய்ட் பரிசோதனையின் முடிவைப் பிழையாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்க முன் இரண்டு மூன்று நாட்களாவது நிறுத்துங்கள், எடுத்துக்கொண்டிருந்ததை டொக்டரிடம் சொல்லுங்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளில் பி12 குறைவது சாதாரணம், ஏனென்றால் அது மாமிசம், மீன், முட்டை, பால் வழியாகத்தான் வருகிறது. நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவர்களுக்கும் குறையும். எனக்கு நடந்தது முதலாவது. ஒரு நேர்த்திக்காக இரண்டு வருடம் மச்சம் மாமிசம் விட்டிருந்தேன், பால் தேத்தண்ணீரும் பிடிக்காது. நேர்த்தியைக் குறை சொல்லவில்லை, அதோடு ஒரு குளிசையும் எடுத்திருக்கலாம்.

மூன்றாம் படி: சாப்பாடு

இதற்குக் கொழும்பு நல்ல ஊர். காலையில் நடைப்பயிற்சி போகும் இடங்களில் கொலகந்த விற்கிறார்களே, எங்கள் இலைக்கஞ்சி, அதை ஒரு கோப்பை குடியுங்கள். வல்லாரையோ கறிவேப்பிலையோ போட்டது கிடைக்கும். கறிவேப்பிலை சாப்பிட்டால் முடி கறுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனாலும் பணிசையும் சீனித் தேத்தண்ணீரையும் விட அது எவ்வளவோ நல்ல காலைச் சாப்பாடு.

பி12க்கு நெத்தலிக் கருவாடு, சூரை, சாளை, முட்டை, ஈரல். மச்சம் சாப்பிடாதவர்களுக்குத் தயிரும் பாலும் கொஞ்சம் கைகொடுக்கும், ஏற்கெனவே குறைந்துவிட்டால் அவை மட்டும் போதாது. செம்புக்கு எள்ளு, கஜு, பயறு. எள்ளுருண்டையைச் சக்கரையில் பிடித்தால் நாளைக்கு ஒன்று போதும்.

இரும்பு விஷயத்தில்தான் நாங்கள் பிழை விடுகிறோம். மத்தியானம் முருங்கையிலை வறையும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய கையோடு ஒரு பிளேன்டீ. தேயிலையில் இருக்கும் டனின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள், கீரையில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். செலவில்லாத மாற்றம் இது. எங்கள் வீட்டில் இதைக் கொண்டுவரத்தான் ஆகக் கூடிய சண்டை நடந்தது.

நெல்லிக்காய் ஆயுர்வேதத்தில் ரசாயனம், அதாவது உடலைப் புதுப்பிக்கும் மருந்து வகை. பச்சை நெல்லி நாளைக்கு ஒன்று, உப்புத் தொட்டு. கிடைக்காத காலத்தில் நெல்லிப் பொடி ஒரு தேக்கரண்டியை வெந்நீரில். போத்தலில் வரும் நெல்லிப் பானத்தின் முக்கால் பங்கு சீனியின் ருசிதான், அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தினமும் நெல்லி எடுக்க முன் டொக்டரிடம் கேளுங்கள்.

நான்காம் படி: வைத்தியரைப் பார்ப்பது

ஆயுர்வேத முறையில் உள்மருந்து எடுக்க விரும்பினால் பதிவு பெற்றவரிடம் போங்கள். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பொரளை கொட்டா வீதியில் தேசிய ஆயுர்வேத போதனா வைத்தியசாலை இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கொண்டு போங்கள். மூக்கில் தைலம் விடும் நஸ்யம் நரைக்குச் சொல்லப்படும் சிகிச்சைதான், ஆனால் அதை வீடியோ பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். லேபல் இல்லாத கறுப்புக் குளிசை, பொட்டலத்தில் மடித்துத் தரும் பஸ்பம் எதையும் வாங்காதீர்கள். அவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: கரிசாலைத் தைலம்

எண்ணெய் நரையை மாற்றாது என்று சொல்லிவிட்டு இப்போது எண்ணெய் காய்ச்சச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். நரைமுடி கரடுமுரடாகவும் காய்ந்தும் வளரும், விறைத்து நிற்கும். தைலம் அதைப் படிய வைக்கும், உடையாமல் காக்கும். தலையில் விரல் வைத்துத் தேய்க்கும் பதினைந்து நிமிடமும் சும்மா போவதில்லை. அந்த அளவு எதிர்பார்ப்போடு செய்தால் ஏமாற்றம் இல்லை.

சரக்குக்குப் புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போங்கள். கடைக்காரரிடம் சிங்களப் பெயர் சொன்னால் வேலை சுலபம்: கரிசாலை (கரிசலாங்கண்ணி) கீகிரிந்திய, அவுரி (நீலச் சாயம் தரும் செடி) நில் அவரிய, மருதோன்றி (மருதாணி) மரதொண்டி. பச்சைக் கரிசாலை ஈரமான இடங்களில் தானாக முளைக்கும், வெள்ளைப் பூ. தண்டை நசுக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும், அதுதான் அடையாளம். கொழும்பில் வேலியோரங்களில் அழகுக்காகப் படரவிட்டிருக்கும் மஞ்சள் பூக்கொடியைக் கரிசாலை என்று நம்பிப் பறித்து வருபவர்கள் உண்டு. அது வேறு செடி.

ஆயுர்வேதத் தைலத்துக்குப் பொதுக் கணக்கு ஒன்று இருக்கிறது: அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறு பதினாறு பங்கு. வீட்டுக்கு இப்படி எடுக்கலாம்: தேங்காயெண்ணெய் 250 மில்லிலீற்றர், கரிசாலைச் சாறும் நெல்லிக்காய்ச் சாறும் சேர்ந்து ஒரு லீற்றர், விழுது 60 கிராம். விழுதுக்குக் கறிவேப்பிலை, அவுரி இலை, ஊறவைத்த வெந்தயம். இவ்வளவு சாறு எடுக்கக் கரிசாலை நிறைய வேண்டும். கிடைக்காவிட்டால் காய்ந்த கரிசாலையைத் தண்ணீரில் வேகவைத்து வடித்த கசாயத்தைச் சேர்க்கலாம்.

அடி கனத்த பாத்திரத்தில் மூன்றையும் சேர்த்து மிகச் சிறு நெருப்பில் வையுங்கள். மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். அடிக்கடி கிளறாவிட்டால் விழுது அடிப்பிடித்துத் தைலமே கருகல் நாற்றம் எடுக்கும். தண்ணீர் வற்றும் கட்டத்தில் நுரை எழும். அப்போது விழுதில் கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டுங்கள். மெழுகு போலத் திரியாக உருண்டு வந்தால் பதம். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, கொழும்புப் புழுக்கத்தில் அந்தத் தைலம் சில கிழமைகளிலேயே கெட்டுப்போகும். துணியில் வடித்து, நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வையுங்கள்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லாதவர்கள் ஆயுர்வேத மருந்துக் கடைகளில் நீல்யாதி தைலம் கேளுங்கள். நீலி என்பது அவுரியின் இன்னொரு பெயர், ஆகவே பெயரிலேயே அவுரி இருக்கிறது. அப்படி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் இப்போது வருடத்தில் ஒருமுறைதான் காய்ச்சுகிறேன்.

பாவிப்பது கிழமைக்கு இரண்டு தரம். இரண்டு தேக்கரண்டி, கை பொறுக்கும் சூடு, தோலில் படத் தேய்த்து ஒரு மணித்தியாலத்தில் முழுகுங்கள். அம்மம்மா பருத்தித்துறையில் இராமுழுக்க எண்ணெயோடு படுத்தார், காலையில் அரப்பும் தேசிக்காயும் அவித்துத் தேய்த்துக் கிணற்றடியில் முழுகினார், சரி. ஆனால் கொழும்பில் வியர்த்த தலையில் இரவு முழுக்க எண்ணெய் கிடந்தால் பொடுகு பிடித்துக்கொள்ளும், பொடுகுப் பூஞ்சை எண்ணெயில்தான் வாழ்கிறது. ஏற்கெனவே பொடுகு இருந்தால் அதைக் கீட்டோகோனசோல் ஷம்பூவால் அடக்கிவிட்டுத்தான் எண்ணெய். பீனிசக்காரர்கள் மழை நாளில் முழுகாமல் இருந்தால் வீட்டில் நிம்மதி.

ஆறாம் படி: மருதோன்றியும் அவுரியும்

இயற்கை வழியில் நரை நிச்சயமாகக் கண்ணுக்கு மறைவது இந்தப் படியில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கும்போதே கவனம். "கறுப்பு மருதோன்றி" என்று விற்கும் பல பக்கற்றுகளில் பாராஃபினிலீன்டயமின் என்ற இரசாயனம் கலந்திருக்கிறது. பத்து, இருபது நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆனால் அது இலையின் வேலை இல்லை. அப்படி ஒரு பக்கற்றை, மூலிகை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பிப் போட்டேன். மறுநாள் நெற்றியும் கண் இமையும் வீங்கி, மூன்று நாள் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குப் போனேன். அசல் மருதோன்றிப் பொடியும் அவுரிப் பொடியும் இரண்டுமே பச்சை நிறம். லேபலில் ஒன்றில் லோசோனியா இனெர்மிஸ், மற்றதில் இண்டிகோஃபெரா டிங்டோரியா, இவை மட்டும் இருக்க வேண்டும். இங்கே வரும் நல்ல மருதோன்றி பெரும்பாலும் இந்தியச் சரக்கு, ராஜஸ்தானின் சோஜத் அதற்குப் பேர் போன ஊர். ஜி6பிடி என்ற நொதியின் (என்சைம்) குறைபாடு உள்ளவர்கள் மருதோன்றியே தொடக்கூடாது, ரத்த அணுக்கள் உடையும். மற்றவர்களும் முழங்கை மடிப்பில் சிறிது பூசி 48 மணித்தியாலம் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடுங்கள்.

தோள்வரை முடிக்கு இரண்டிலும் 100 கிராம் வீதம் போதும். முதல் நாள் இரவு மருதோன்றிப் பொடியை ஆறிய பிளேன்டீயிலும் ஒரு தேசிக்காய்ச் சாற்றிலும் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து மூடி வையுங்கள். எங்கள் வெக்கைக்கு ஆறு மணித்தியாலத்தில் நிறம் இறங்கிவிடும். காலையில் எண்ணெய் இல்லாமல் கழுவிய தலையில், கையுறை போட்டு, நெற்றியோரம் வாஸ்லின் தடவிக்கொண்டு பூசுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து வெறும் தண்ணீரால் அலசுங்கள். கண்ணாடியைப் பார்த்தால் நரை முழுக்கச் செம்மஞ்சளாக இருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

பூச்சு அலசி முடிந்த பிறகுதான் அவுரியைக் கரைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. தேசிக்காய், தேத்தண்ணீர், தயிர் எதுவும் சேர்க்கக் கூடாது, புளிப்புப் பட்டால் அவுரி சாயம் பிடிக்காது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் மேற்பரப்பு நீலம் பாயும். உடனே ஈரத் தலையில் பூசிவிடுங்கள், வைத்துவிட்டு ஃபோன் கதைத்தால் வீரியம் போய்விடும். ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணித்தியாலம், பிறகு தண்ணீரால் மட்டும் அலசுங்கள். இரண்டு நாளைக்கு ஷம்பூ கிடையாது. முதலில் கொஞ்சம் பச்சை தட்டும், காற்றுப் பட்டு 48 மணித்தியாலத்தில் கடும் கபிலமாகவோ கறுப்பாகவோ ஆழும். ஆகவே திங்கட்கிழமை வேலை என்றால் ஞாயிறு பின்னேரம் தொடங்காதீர்கள். வெள்ளியில் போயா வரும் நீண்ட விடுமுறைதான் எனக்குத் தோது.

அவுரியை மட்டும் தனியே நரையில் போட்டால் நீலப் பச்சையாக நிற்கும், எனவே வரிசையை மாற்ற வேண்டாம். அடுத்த முறை நான்கைந்து கிழமைக்குப் பிறகு, வேர்ப்பக்கம் மட்டும். இந்தச் சாயம் போட்ட முடியைப் பிறகு சலூனில் வெளிர் நிறமாக்குவது கஷ்டம், இளம் பிள்ளைகள் அதையும் யோசித்துச் செய்யுங்கள். இரண்டையும் போட்ட பிறகு முடி காயும், ஐந்தாம் படித் தைலம் அப்போது உதவும்.

ஏழாம் படி: ஆறு மாதத்தில் கணக்குப் பார்ப்பது

சாயம் போடுபவர்கள் காதுக்குப் பின்னால் ஒரு சிறு பகுதியைச் சாயமில்லாமல் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று மாதத்தில் அங்கே மூன்று சென்ரிமீற்றர் புதிய முடி இருக்கும். ஒரு முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். நுனி வெள்ளை, வேர்ப்பக்கம் கறுப்பு என்றால் உண்மையிலேயே நிறம் திரும்புகிறது. குறைபாட்டால் வந்த நரையில் இது நடக்கலாம், பரம்பரை நரையில் எதிர்பார்க்க வேண்டாம். பி12ஐயும் ஃபெரிட்டினையும் டொக்டர் சொன்ன இடைவெளியில் மறுபடி பாருங்கள். எண்கள் சரியாகி ஆறு மாதம் ஆகியும் வேரில் மாற்றம் இல்லாவிட்டால் முடிக்கென்று வாங்கும் குளிசைகளை நிறுத்திவிடலாம்.

என்னுடைய கணக்கு: பி12 ஏறிய பிறகு இடது காதோரத்தில் சில முடிகள் அப்படி இரண்டு நிறமாக வந்தன. வகிட்டில் ஒன்றும் மாறவில்லை. அங்கே அம்மாவுக்கும் 24 வயதில் நரைத்ததாம், சாயம் போட்டு எங்களுக்குத் தெரியாமலே வைத்திருந்திருக்கிறார்.